இன்னொருவர் பக்கத்தில் எங்கள் அம்மா

எங்கள் அம்மாவை வேறொருவர் தன் அம்மா என்று எழுதியிருப்பதை முதலில் பார்த்தவள் என் தங்கை. அவள் கொல்லிமலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தை மாதம் ஒரு காலையில் நான் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"ண்ணா, அம்மாவப் பத்தி நீ எழுதினத யாருக்காச்சும் குடுத்தியா?"

"இல்லியே கண்ணு. எதுக்குக் கேக்கற?"

"ஒருத்தன் அப்படியே எடுத்து அவங்கம்மான்னு எழுதி வெச்சிருக்கறான். பக்கத்து ஊட்டு அக்கா போன்ல படிச்சுப்போட்டு மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. இது எங்கம்மாங்கக்கான்னு சொன்னா, 'ஏங்கண்ணு, ஊருல இருக்கற நல்ல அம்மாவெல்லாம் உங்கம்மாவா?'ன்னு கேக்கறாங்க."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கிறது. ஒற்றை மூங்கிலில் கால் வைக்கக் கணுக்களை விட்டுச் செதுக்கிய ஏணியை மரத்தில் சாய்த்து ஏறிப் பறிப்போம். தரையில் நின்றால் போனில் ஒரு கோடுகூட இருக்காது. ஏணியின் மேல் பாதிக்குப் போனால் சிக்னல் கிடைக்கும். அதனால் நான் எழுதுவது, அனுப்புவது, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது எல்லாம் அங்கேதான். இடுப்புப் பை நிறைந்ததும் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டை விரலால் நாலு வரி தட்டுவேன். "மிளகு ஒரு படி, எழுத்து ஒரு மூட்டை. பாத்து எறக்குங்க, சிந்திடப் போவுது" என்று கீழேயிருந்து என் மனைவி சொல்வாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பலா பழுக்கும் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கரடி, கொண்டை ஊசி வளைவுகளில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வரும் சுற்றுலாக்காரர்கள், சாமைக் கதிர் அறுக்கும்போது பேசிக்கொள்ளும் வம்புகள், இப்படித்தான். ஃபேஸ்புக்கில் மிளகுக் கொத்து ஒன்றின் படத்தை வைத்து ஒரு பக்கம் தொடங்கி அதில் போட்டுவந்தேன். அதில் என் பெயர் கிடையாது. ஊர்ப் பெயரும் கிடையாது. நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிராம சபைக் கூட்டத்தில் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். பெயர் போடாதது அந்தக் கூச்சத்தால்தான். பெயர் போட வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் யாரும் தோட்டத்தில் பெயர்ப் பலகை நட்டுவைப்பதில்லை. இது இன்னாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவைப் பற்றி, ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எழுதியது இதுதான். சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நாங்கள் இருப்பது மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் ஓர் ஒதுக்குப்புறமான குடியிருப்பு. அப்போது எங்களுக்கு ரோடு இல்லை, ஒற்றையடித் தடம்தான். அம்மாவின் சேலைகள் இரண்டைச் சேர்த்து மூங்கிலில் தூளி போலக் கட்டி, அதில் அம்மாவைப் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிப் போனோம். படுத்திருந்த அம்மாவுக்கு மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் அந்தத் தடத்தில் சாமை மூட்டை சுமந்து நடந்தவள். மேலே தெரியும் கிளையைப் பார்த்துக் கீழே கிடக்கும் வேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பலா மரம் வந்துருச்சு. எடப்பக்கம் வேரு நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்துக் கால வெய்யி சாமி."

முன்னால் தூக்கிய பங்காளி ஒருவர் வழுக்கியபோது, "ஏப்பா, தின்ன சோறெல்லாம் எங்க போவுது? தோளு மாத்தறதுன்னா மாத்திக்க. எனக்கொன்னும் அவசரமில்ல" என்றாள். தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் தூளி ஆடியது. அதற்கும் திட்டினாள்.

ரோட்டுக்கு வந்து ஜீப்பில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவை உள்ளே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. வெளியே கொண்டுவந்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. மறுநாள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். செய்தி கிடைத்துத் தங்கை கைக்குழந்தையோடு மழையில் பஸ் பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அம்மா என்னக் கேட்டாங்களா?" என்று அவள் அன்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவள் முகத்தில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டுரையைத்தான் ஒருவர் எடுத்திருந்தார். தங்கை சொன்ன பக்கத்தை ஏணியில் நின்றபடி தேடிப் படித்தேன். பலா மரம் இருந்தது. இடப்பக்கத்து வேர் இருந்தது. சாமை மூட்டை மட்டும் நெல் மூட்டை ஆகியிருந்தது. சேலை ஸ்ட்ரெச்சர் ஆகியிருந்தது. நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். மேலே யாரோ ஒரு வயதான அம்மாவின் படம். வடக்கே எங்கோ எடுத்தது போல, மூக்கில் பெரிய வளையம் போட்டிருந்தார். படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொல்ல நினைத்ததை வேறு யாரோ சொல்லிக் கேட்பது போல இருந்தது.

கோபமெல்லாம் தங்கைக்குத்தான்.

"ஸ்ட்ரெச்சராம்ல! அது இருந்திருந்தா நம்ம எதுக்குச் சீலைய மூங்கில்ல கட்டறோம்? திருடறதையாச்சும் ஒழுங்காத் திருட வேண்டாமா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அது கெடக்கட்டும்ணா. அதுக்குக் கீழ ஒரு நர்ஸம்மா எழுதியிருக்காங்க, பாத்தியா?" என்றாள்.

மறுபடி ஏறிப் பார்த்தேன். கட்டுரைக்குக் கீழே ஏகப்பட்ட பேர் கண்ணீர்ப் படம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் நாலு வரி எழுதியிருந்தார். 'முன்பு கொல்லிமலையில் நர்ஸாக இருந்தேன். மழையில் ஒரு அம்மாவை இப்படித்தான் தூக்கி வந்தார்கள், ஸ்ட்ரெச்சரில் இல்லாமல் சேலையில் கட்டி. தூக்கி வந்தவர்களை வழியெல்லாம் திட்டினாராம். அன்று அந்த அம்மா என்னிடம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்தானா இவர்?' அதற்கு அந்தப் பக்கத்துக்காரர் கும்பிடும் கைப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது, எனக்குப் படிக்க வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.

"அம்மா என்னமோ சொல்லியிருக்காங்க" என்றாள் தங்கை. "உள்ள அவங்ககூட இருந்தது அந்த நர்ஸம்மா ஒருத்திதான். எனக்கு அந்த ஃபேஸ்புக்கெல்லாம் இல்ல. நீ கேளுண்ணா. இப்பவே கேளு."

அங்கேயே நாலு வார்த்தை தட்டிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியோடு நமக்கு ஏதாவது பேச வேண்டுமென்றால், முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட ஒரு பேச்சு இருக்குதுங்க" என்று கேட்டு, அவர் வாங்க என்ற பிறகுதான் உள்ளே போவோம். வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பெண் எழுதியது அவர் பக்கத்தில். அதனால் அவரைக் கேட்காமல் அந்தப் பெண்ணிடம் பேசுவது முறையில்லை என்று எனக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசக் கூச்சமும் இருந்தது.

விளம்பரத்துக்காகப் பக்கத்தில் அவர் போன் நம்பர் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன்.

"ஏனுங்க, நான் கொல்லிமலையில இருந்து பேசறனுங்க. நீங்க ஒரு அம்மாவப் பத்தி எழுதியிருக்கீங்கள்ல..."

"ஆமா ப்ரோ, தேங்க்ஸ் ப்ரோ. காலைல இருந்து நிறைய பேர் கூப்பிடறாங்க. செம ரீச்."

"அது எங்கம்மாங்க."

"படிக்கிற எல்லாருக்கும் அப்படித்தான் ப்ரோ தோணும். அம்மான்னா எல்லாருக்கும் அம்மாதானே."

"இல்லீங்க. நெசமாவே எங்கம்மாங்க. அத நான்தான் எழுதினனுங்க."

அவர் குரல் இறங்கியது.

"எனக்கு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டா வந்துச்சு ப்ரோ. கீழ பேரே இல்ல. பேர் இல்லாததுக்கு நான் யார்கிட்டப் போய் கேக்கறது?"

"அது சரிதானுங்க. நான் அதுக்குக் கூப்பிடலீங்க. கீழ ஒரு நர்ஸம்மா எழுதியிருக்காங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசிக்கலாங்களா?"

"அவங்க எதுக்கு ப்ரோ? சாட்சிக்கா? கேஸு கீஸுன்னு போறீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க..."

"விடுங்க ப்ரோ. எடுத்துடறேன். எனக்குப் பிரச்சினை வேணாம்."

போனை வைத்துவிட்டார். கோபமில்லாமல் பேசி முடித்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. போய்ப் பார்த்தேன். கட்டுரை இல்லை. கண்ணீர்ப் படங்கள் இல்லை. நர்ஸ் எழுதிய நாலு வரியும் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனவர் விருந்தாளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கையிடம் சொன்னேன்.

"உத்தரவு கேட்டியா? திருட்டு ஊட்டுக்கு என்னண்ணா உத்தரவு?" என்று கத்தினாள். பிறகு, "இனி அவங்கள எங்க போயித் தேடறது?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கத்தலைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மலையின் பெரிய ஊரான செம்மேட்டுக்குப் போனேன். முதலில் அம்மாவைக் கொண்டு போன சுகாதார நிலையம். அந்த மழைக்காலத்தில் இருந்த நர்ஸ் யார் என்று கேட்டேன். கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர் மேசையில் இருந்தார். நல்ல மனிதர்தான். "அப்ப இருந்தவங்க எல்லாரும் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிட்டாங்க. எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாலும் நம்பரெல்லாம் குடுக்கக் கூடாதுங்க" என்றார். அவர் சொல்வது நியாயம். திரும்பிவிட்டேன்.

அங்கே ஜெராக்ஸ் கடை வைத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். எங்கள் பட்டா வேலைக்கு அவரிடம் போயிருக்கிறேன். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"போன் பண்றதுக்கு முன்னால ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சீங்களாண்ணா?"

"இல்லீங்க."

"அந்த லிங்க்காச்சும்?"

"இல்லீங்க."

"சரி, அந்த ஆளு பேரு?"

"ப்ரோன்னாருங்க."

"அது உங்களச் சொன்னதுங்கண்ணா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நெட்டுல எதப் பாத்தாலும் மொதல்ல படம் புடிக்கோணும். லிங்க்க எடுத்து வெய்க்கோணும். அதுக்கப்பறந்தான் பேச்சு. அவங்க அழிக்கறதுக்கு ஒரு நொடி போதும். நீங்க என்னடான்னா வெத்தல பாக்கு வெச்சுக் கேட்டிருக்கீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு வேலை செய்தார். என் கட்டுரையிலிருந்து பலா மரத்து வேர் வரும் ஒரு வரியை எடுத்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டுத் தேடினார். அப்படிக் குறி போட்டால் அந்த வரி மாறாமல் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் காட்டும் என்றார். காட்டியது. அம்மா எத்தனையோ இடங்களில் இருந்தாள். ஒரு பக்கத்தில் பின்னால் வயலின் வாசிக்க ஒரு பெண் குரல் அம்மாவைப் படித்தது. ஒருவர் அம்மாவை அப்பாவாக்கியிருந்தார். அந்த அப்பா, "பாத்துக் கால வெய்யி சாமி" என்று சொல்லிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றிலும் இருந்தது. எல்லாம் அந்த ஒருவரிடமிருந்து போனவைதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

"இதுலயெல்லாம் முன்னால தேதி உங்க பக்கத்துலதாங்கண்ணா இருக்குது" என்றார் கடைக்காரப் பெண்மணி. "அதுதான் உங்களுக்கு ஆதாரம். அத அழிச்சுராதீங்க, திருத்திப் போடறேன்னு புதுசாவும் போடாதீங்க. ஆனா ஒன்னு. இதுல உங்க பேரு இல்ல. ஊரு இல்ல. கொல்லிமலைன்னு ஒரு வார்த்தகூட இல்ல. அந்த நர்ஸம்மா இதப் பாத்தாலும் எப்படித் தெரியும்? 'அவர்தானா இவர்'னு கேட்டுட்டுப் போயிருவாங்க."

காப்பி அடித்தவர்கள் மேல் ஃபேஸ்புக்கிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். எழுதியவரின் சொந்தப் பெயரில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அந்த நர்ஸ் எந்த வழியாக வருவார்? அவர் எங்கோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தில் எங்கள் பெயர் இருக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. "அப்படின்னா ஒவ்வொரு எடமாப் போயி, இது என்னுதுன்னு நீங்கதான் எழுதோணும்" என்றார். "மொதல்ல படம் புடிச்சுட்டு."

பெயர் போட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தட்டுவேன், அழிப்பேன். ஊரே திரும்பி என்னைப் பார்ப்பது போல இருக்கும். கடைசியில் தங்கை போனில், "நீ உன் பேரப் போட வேண்டாம்ணா. அம்மா பேரப் போடு. அதுக்குக் கீழ அவங்க மகன்னு போட்டு உன் பேரப் போடு" என்றாள். அப்படி நினைத்தபோது கை வந்தது. பழைய கட்டுரைக்கு அடியில் அம்மா பெயர், என் பெயர், திண்ணனூர் நாடு, கொல்லிமலை என்று சேர்த்தேன். அன்று சுகாதார நிலையத்தில் அம்மாவோடு இருந்த நர்ஸ் இதைப் பார்த்தால் எழுத வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

பிறகு ஒவ்வொரு பக்கமாகப் போனேன். முதலில் படம் பிடிப்பேன். பிறகு எழுதுவேன். 'வணக்கம். இது நான் எழுதியது. இது எங்கள் அம்மா. முதலில் வந்த இடம் இது. எடுக்க வேண்டாம், எங்கள் பெயரையும் ஊரையும் மட்டும் சேருங்கள். ஸ்ட்ரெச்சர் இல்லை, சேலை.' இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் அனுப்பும்போது முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல இருக்கும்.

"ஊருக்குள்ள யாராச்சும் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டீங்க. அங்க போயி ஊடு ஊடாக் கதவத் தட்டறீங்களாக்கும்" என்றாள் மனைவி. ஆனால் அந்த நாட்களில் பை நிறைய நேரமாவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்கள் பலவிதம். வயலின் வைத்துப் படித்த பெண் மன்னிப்புக் கேட்டு அன்றே பெயரைச் சேர்த்தார். இரண்டு பக்கத்துக்காரர்கள் நான் எழுதியதை அழித்துவிட்டு என்னை உள்ளே வர முடியாதபடி செய்துவிட்டார்கள். ஒருவர், 'அம்மா பாசத்துக்குமா காப்பிரைட்?' என்று கேட்டிருந்தார். இன்னொருவர், 'இதே மாதிரி சொல்லிக்கிட்டு வர்ற நாலாவது ஆள் நீங்க' என்றார். அவருக்கு என் பக்கத்துத் தேதியைக் காட்டினேன். அப்பாவாக்கியவர் மட்டும் கடைசி வரை அசையவில்லை. அவர் அப்பா இன்னும் ஸ்ட்ரெச்சரில்தான் இருக்கிறார். அவர் மேல் புகார் கொடுக்கக் கடைக்காரப் பெண்மணி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார்.

மாசி பாதி போயிருக்கும். பறிப்பு முடியும் தறுவாய். வயலின் வைத்துப் படித்த பெண்ணின் பக்கத்தில், நான் எழுதியதற்கு நேர் கீழே, ஒரு ரோஜாப்பூ வந்திருந்தது. 'அண்ணாச்சி, நீங்க அந்த அம்மா மகனா? நான்தான் அந்த நர்ஸ்.'

படம் பிடித்தேன். லிங்க்கை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் பதில் எழுதினேன்.

அவரே தனியாக நம்பர் அனுப்பினார். நான் கூப்பிடவில்லை. பஸ் ஏறி முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். அந்தப் பேச்சைத் தங்கை இல்லாமல் நான் மட்டும் கேட்பது சரியில்லை. அவள் வீட்டுக் கட்டிலில் போனை நடுவில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி செய்து கூப்பிட்டோம். நர்ஸ் இப்போது தெற்கே தன் சொந்த ஊர்ப் பக்கம் வேலை பார்க்கிறார்.

"அப்ப நான் மலைக்கு வந்த புதுசு அண்ணாச்சி" என்றார். "எங்க ஊரு கன்னியாகுமரி பக்கம். அந்தக் குளிரு எனக்குப் பழக்கமே இல்ல. கை விறைச்சுப் போயி ஊசி போட நடுங்குது. அம்மா அதப் பாத்துட்டு, 'பயப்படாத கண்ணு, குத்து. எனக்கு வலிச்சா நான் சொல்றேன்'னாங்க."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெறவு என் ஊரு எதுன்னு கேட்டாங்க. சொன்னேன். 'அத்தன தூரத்துல இருந்தா வந்திருக்கற? என் மக முள்ளுக்குறிச்சியில இருக்கறா. உன் வயசுதான். பஸ்ஸுல போறப்ப வாரப்ப எறங்கி அவ ஊட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. அம்மா சொன்னாங்கன்னு சொல்லு, வேற ஒன்னும் சொல்ல வேண்டாம்'னாங்க. மக பேரையும் சொன்னாங்க. அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துட்டு."

அவரே தொடர்ந்தார்.

"எந்த வீடுன்னு கேக்காம விட்டுட்டேன். அங்க இருந்த வரைக்கும் பஸ் முள்ளுக்குறிச்சியில நிக்கும்போதெல்லாம் தலைய நீட்டிப் பாப்பேன். யார்ட்டன்னு போயி கேக்கது?"

தங்கை போன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "பஸ் நிக்கற எடத்துக்கு நேர் எதுக்க இருக்கற ஊடுங்க. நானும் அந்தப் பஸ்ஸ தெனமும் பாத்துக்கிட்டுத்தான் நிப்பனுங்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "எப்ப வாரீங்க?" என்று கேட்டாள். "அம்மா சொல்லி இத்தன வருசமாச்சு. சோறு ஆறிப்போச்சுங்க." அந்தப் பக்கம் நர்ஸ் சிரிப்பது கேட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். நான் கிளம்பிய பிறகும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் சொன்னதையும் அம்மாவின் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றாள் தங்கை. அந்தப் பழைய கட்டுரைதான் ஆதாரம், பெயர் சேர்த்ததற்கு மேல் அதில் கை வைக்கக் கூடாது என்பதால் இரண்டாம் பகுதியாக எழுத முடிவு செய்தேன். நர்ஸிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. போடுகதுக்கு முன்னால எனக்கு ஒரு தடவ அனுப்புங்க" என்றார். எழுதி அனுப்பினேன். சாயங்காலம் அவர் குரலில் பதில் வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. ஆனா ஆம்புலன்ஸ் கெளம்பும்போது நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்க. நான் எங்க அழுதேன்? ட்யூட்டியில இருந்தேன். அடுத்து ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னு கொண்டாந்துட்டாங்க. அத எடுத்துருங்க."

அவர் அழுததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதும்போது தானாக வந்தது. அந்த இடத்தில் அந்த வரி நன்றாகவும் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அழித்தேன். காய்ச்சலோடு வந்த பிள்ளையைச் சேர்த்தேன். மேலே, 'இது அன்று பணியில் இருந்த நர்ஸ் சொன்னது' என்று எழுதி, அவர் பெயரை அவர் எழுதுகிற விதத்திலேயே ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். கீழே அம்மா பெயரும் என் பெயரும். மறுபடி அவருக்கு அனுப்பினேன்.

'இப்ப சரி' என்று அவர் எழுதிய பிறகுதான் பக்கத்தில் போட்டேன்.